வாளிக்குள் வலது கை

புந்தோங்கில் ஷார்மேனின் வீட்டுப் போர்ச்சில் கார் நின்று எட்டு வருஷமாகிறது. கார் பாவம், வெளியே வெயிலில் கிடக்கிறது. உள்ளே பேய்த்தலைகளும் கொம்புகளும் அறுந்த காதுகளும் ராஜமரியாதையோடு அலமாரியில் உட்கார்ந்திருக்கின்றன. பகலில் அவள் ஈப்போ டவுனில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். பல் அச்சுக்கு மாவு குழைப்பது அவளுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். சாயங்காலமானால் வேஷம் கட்டுகிறவர்களுக்குப் பொய் மூக்கு, பொய்க் காயம், பொய்த் தழும்பு. ஹோட்டல்களின் ஆண்டு விருந்து, மாலில் நடக்கிற கார்ட்டூன் வேஷத் திருவிழா, அக்டோபர் மாதத்துப் பேய்க்கூத்து என்று ஆள் வந்துகொண்டே இருக்கும்.

போர்ச் சுவரில் கறுப்பு மார்க்கரால் அவளே எழுதிய வரிகள் இருந்தன. முகத்துக்கு அச்சு எடுக்கும்போது மூக்கு ஓட்டையை ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்விசிறி ஓடாமல் ஃபோம் கலக்காதே. பிளேடை உன் பக்கமாக இழுக்காதே. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கதை உண்டு. ஃபோம் வரிக்குப் பின்னால் ஒரு வாரத்து இருமல், பிளேடு வரிக்குப் பின்னால் கட்டைவிரலில் நான்கு தையல். யூடியூப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்த பொடியன்கள் மாஸ்க்கூட இல்லாமல் வேலை செய்வதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தான் கவனமான ஆள் என்று அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, கவனமான ஆள்தான். கடைசியில் அந்தக் கர்வமே வினையாகப் போயிற்று.

அவளுடைய தம்பி கோலின் லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கிற பட்டறையில் வெல்டர். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு நடக்கிற சிலுவைப்பாட்டுக் கூத்தில் ஆண்டவர் வேஷம் அவனுக்கு விழுந்தது.

கூத்து நடப்பது பீடோருக்கு உள்ளே, ஆறாங்கட்டைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயன் வீடுகள் இடிந்து, சனம் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் பிழைக்கப் போய் இருபது வருஷமாகிறது. கோயில் மட்டும் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் அங்கே வந்து சேருவார்கள். அந்தக் கூத்துக்கென்று ஒரு நேர்ச்சை உண்டு. ஆண்டவர் வேஷம் கட்டுகிறவன் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து பெரிய வெள்ளி மூன்று மணி வரைக்கும் வலிக்கிறது என்று வாயைத் திறக்கக் கூடாது. பல்வலியோ கால் சுளுக்கோ, எதுவானாலும் ஒப்புக்கொடுத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். கேட்டாலும் இல்லையென்றுதான் தலையாட்ட வேண்டும். யார் தொடங்கி வைத்தார்களோ தெரியாது. அந்தத் தோட்டத்துச் சனத்துக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

கோலினுக்கு அது வெறும் பெருமையும் இல்லை. அவன் மனைவி துளசிக்கு இரண்டு தடவை கரு வயிற்றில் தங்காமல் போய்விட்டது. இப்போது மூன்றாவது, ஐந்து மாதம். துளசி கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிய பெண். சாமிமேல் மரியாதை உண்டு, சனத்தின்மேல் அவ்வளவாக இல்லை. கோலின் இந்தக் குழந்தைக்காகத்தான் நேர்ந்துகொண்டான்.

ஷார்மேனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் அவனைச் சீண்டினாள். வீட்டுக்கு வந்தால் தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள், செருப்புக் காலால் அவன் காலை மிதிப்பாள். "வலிக்குதாடா ஆண்டவரே?" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவான். அவளும் சிரிப்பாள். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கூத்தை நடத்துகிறவர் அந்தோணிமுத்து. அவர்களுடைய தாய்மாமன், ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார். அந்த வருஷம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. "சிவப்புச் சாயம் பூசினது போதும்லா ஷார்மேன். ஆணி உள்ள போறத சனம் கண்ணால பார்க்கணும்" என்றார். கோலினின் கை மாதிரியே இரண்டு பொய்க்கைகள் செய்து, உண்மைக் கையை அங்கிக்குள் மறைத்து, பொய்க்கையில் ஆணி அடிப்பதாக ஏற்பாடு. அதற்குக் கோலினின் கைகளுக்கு அச்சு எடுக்க வேண்டும்.

கைக்கு அச்சு எடுக்க அல்ஜினேட் என்று ஒரு பாசி மாவு உண்டு. தண்ணீரில் குழைத்தால் ஜில்லென்று இருக்கும். ஐந்து நிமிஷத்தில் ஜெல்லியாக இறுகும். கையை வழுக்கிக்கொண்டு உருவிவிடலாம். ஷார்மேன் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்த மூட்டை ஹரிராயா நோன்புப் பெருநாள் விடுமுறையில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. பெரிய வெள்ளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். கோலினுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு லீவு கிடையாது.

"பிளாஸ்டர்லயே எடுத்துரலாம்" என்றாள் ஷார்மேன். மாவுக்கட்டுப் போடுகிற அந்த வெள்ளைப் பிளாஸ்டர் அவளுக்குப் புதிதா என்ன? கிளினிக்கில் தினம் பத்துக் கிண்ணம் குழைக்கிறவள். இறுகும்போது கிண்ணம் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். அவசரமென்றால் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார்கள், சுருக்காக இறுகும். ஒரு சின்னக் கிண்ணம் வெதுவெதுப்பாகிறது என்றால் ஒரு வாளி எவ்வளவு சுடும் என்ற கணக்கு மட்டும் அவள் மண்டையில் ஏறவில்லை. பதினைந்து வருஷம் கிண்ணத்தையே பார்த்த கண்ணுக்கு வாளியும் கிண்ணமாகத்தான் தெரிந்தது.

ஹார்ட்வேர் கடையிலிருந்து பிளாஸ்டர் மூட்டை வந்தது. பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி எடுத்தாள். கோலினின் வலது கையில் வாசலின் தடவினாள். கீழ்ப்பாதிக்கு ஒரு ஊற்று, அது கெட்டியானதும் மேலே வாசலின் பூசி, மேல்பாதிக்கு இன்னொரு ஊற்று. இறுகினபின் டிபன் பாத்திரத்தின் மூடி மாதிரி இரண்டும் பிரிந்து வந்துவிடும் என்பது திட்டம். மாஸ்க் போட்டிருந்தாள். கையுறை போட்டிருந்தாள். மின்விசிறி ஓடிற்று. உப்பு ஒரு கைப்பிடி போட்டாள்.

துளசி உள்ளே படுத்திருந்தாள். அக்காவும் தம்பியும் எதிரெதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவே வாளி, மணிக்கட்டுவரை கோலினின் கை.

"ஓகேயாடா?"

தலையாட்டினான்.

கொஞ்ச நேரம் பட்டறைக் கதை பேசினான். புது சூப்பர்வைசர் ஒருத்தன் வெல்டிங் கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்து, மறுநாள் கண் திறக்க முடியாமல் வந்ததைச் சொல்லிச் சிரித்தான். பிறகு பேச்சு நின்றது. கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது. ஜெபிக்கிறான் என்று அவள் ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுடுதா? லேசா சூடாகும், பயப்படாத."

தலையாட்டினான். சுடவில்லை என்று.

நெற்றியில் வேர்வை ஓடிற்று. மதியம் இரண்டு மணி, ஈப்போ வெயில், யாருக்குத்தான் வேர்க்காது? மூன்றாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவையும் தலையாட்டினான். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவை கேட்டேன் என்று பின்னால் அவள் எல்லாரிடமும் சொன்னாள். பதில் சொல்லக் கூடாது என்று நேர்ந்துகொண்டவனிடம் முப்பது தடவை கேட்டால்தான் என்ன?

கால் மாற்றி உட்கார்ந்தபோது அவள் முழங்கால் வாளியில் பட்டது. துள்ளி எழுந்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது.

"எடுடா! கைய எடு!"

எடுக்க முடியவில்லை. இரண்டாவது ஊற்று விரலிடுக்கில் இறங்கி முதலாவதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாளியைப் பிளந்தாள். உள்ளே வெள்ளைப் பாறை. சுத்தியலும் உளியும் எடுத்து அடித்தாள். கை எங்கே, பிளாஸ்டர் எங்கே என்று தெரியாமல் ஓரமாகவே தட்டித் தட்டி உடைத்தாள். சத்தம் கேட்டுத் துளசி ஓடிவந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து பிடித்தாள். ஏழெட்டு நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கோலின் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போர்ச் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

கை வெளியே வந்தபோது வெள்ளையாக இருந்தது. கொப்புளம் இல்லை. அப்பாடா, கொப்புளம் இல்லை என்று ஷார்மேன் ஒரு நொடி சந்தோஷப்பட்டாள். தோலுக்கு அடியில் எல்லாம் வெந்துபோனால்தான் கொப்புளம் வராது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது, அந்த ஒரு நொடிச் சந்தோஷத்துக்காகவும் சேர்த்து அழுதாள்.

வார்டில் தாதி ஒரு அட்டையை நீட்டினாள். ஆறு முகங்கள் வரிசையாக வரைந்திருந்தன, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை. "சாக்கிட் தாக்? வலிக்குதா? எந்த மூஞ்சி?" என்று மலாயும் தமிழும் கலந்து கேட்டாள். கோலின் இடது கையால் சிரிக்கிற முகத்தைத் தொட்டான். தாதி ஷார்மேனைப் பார்த்தாள். ஷார்மேன் அந்தச் சின்ன வயசு டாக்டரைத் தேடிப் போய், நேர்ச்சையைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். டாக்டர் நம்ப முடியாமல் கேட்டுவிட்டு, "சரி, நான் அவர் நாடிய கேட்டுக்கறேன்" என்றாள். அன்றிலிருந்து நாடித்துடிப்பைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள்.

புதன்கிழமை மூன்று விரல்களை எடுத்தார்கள். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின.

மறுநாள் அந்தோணிமுத்து மாமா ஒரு வேன் நிறையச் சனத்தோடு வந்தார். கட்டிலைச் சுற்றி நின்று செபமாலை சொன்னார்கள். "ஒரு சத்தம் இல்ல! தஹான் பண்ணிட்டான்லா, அப்படியே தாங்கிட்டான் என் மருமவன்" என்று மாமா கண்ணைத் துடைத்தார். "வேஷம் கட்டுறவனுக்கு ஆண்டவரே தன் காயத்தக் கொடுத்திருக்காரு. நம்ம கோயில்ல இது நடந்ததே இல்ல." கூட வந்த கிழவிகள் கட்டுப்போட்ட கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"மாமா, நான்தான் உப்பு போட்டேன்" என்றாள் ஷார்மேன். "வாளியில ஊத்தியிருக்கக் கூடாது. அது என் தப்பு."

மாமா அவள் தலையில் கைவைத்தார். "நீ ஒரு கருவிதாம்மா. மனசப் போட்டு அலட்டிக்காத."

அன்று ராத்திரி ஷார்மேன் நன்றாகத் தூங்கினாள். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தூங்கினாள். காலையில் எழுந்து அதை நினைத்தபோது வெட்கத்தில் முகம் எரிந்தது. யாரோ கொடுத்த மன்னிப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள். விரலை இழந்தவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

துளசி அவளை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் நம்புறீங்களாக்கா?"

"இல்ல."

"அப்ப அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு. பொறக்கப் போற பிள்ளையத் தூக்கக் கை வேணாமா? எந்தச் சாமி விரல் கேட்டுச்சு?"

ஷார்மேன் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "டேய், ஒரே ஒரு தடவ சொல்லுடா. வலிக்குதுன்னு சொல்லு. என்னைத் திட்டவாவது திட்டு."

கோலின் அவளையே பார்த்தான். கண்கள் குழிவிழுந்திருந்தன. "இன்னும் ஏழு நாள்தானேக்கா" என்றான். "நடுவுல விட்டா, பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? நான் எப்படி இருப்பேன்?"

ஷார்மேன் அவன் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள். அவளும் அதே கோயிலில் வளர்ந்தவள்தான்.

வீட்டுக்கு வந்து மார்க்கரை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றாள். வாளியில் பிளாஸ்டர் ஊற்றாதே என்று எழுதினாள். உப்புப் போடாதே என்று எழுதினாள். இரண்டும் உண்மைதான். இருந்தாலும் பொய் எழுதியது போல உறுத்தியது. அடியில் இன்னொரு வரி எழுதினாள். சுடுதா என்று கேட்காதே, தொட்டுப் பார். அதை எழுதி முடித்ததும் அலமாரியில் இருந்த அத்தனை பொய்க்காயங்களையும் குப்பைப் பையில் அள்ளிப் போட்டாள்.

பெரிய வெள்ளியன்று கோலின் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தான். டாக்டர் வேண்டாம் என்றாள், துளசி வேண்டாம் என்றாள், ஷார்மேன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அவன் அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஷார்மேனே கார் ஓட்டினாள். தாப்பாவைத் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தாள். பின் சீட்டில் கண்மூடிக் கிடந்தான், உதடு வெடித்திருந்தது. துளசி வழி முழுக்க அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

செம்பனைகளுக்கு நடுவே கோயில் முற்றத்தில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். அத்தனை கூட்டம் அங்கே எந்த வருஷமும் வந்ததில்லை. சேதி கிள்ளான்வரை போயிருந்தது. சிலுவைப்பாதையில் அவன் விழுந்த இடத்தில் மண்ணை அள்ளிச் சிலர் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்கள். ஆணி அடிக்கிற ஏற்பாடெல்லாம் கைவிடப்பட்டது. வெள்ளைத் துணியால் கைகளைக் குறுக்குமரத்தில் கட்டினார்கள். சிலுவையைத் தூக்கி நிறுத்தினார்கள். வலது கைக் கட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வெயிலில் பளபளத்தது.

"வாய் திறக்காத ஆட்டுக்குட்டி!" என்று மாமா ஒலிபெருக்கியில் சொன்னார். "கொதிக்கிற வலியிலயும் என் மருமவன் வாய் திறக்கல! பாருங்க, சனங்களே!"

ஷார்மேன் துளசியோடு சிலுவையின் அடியில் நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணியாக இரண்டு நிமிஷம். அவளுக்கு வேறு ஜெபம் எதுவும் வரவில்லை. சீக்கிரம் ஓடு, சீக்கிரம் ஓடு என்று கடிகார முள்ளையே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கோலின் கூத்தின் கடைசி வாக்கியத்தைச் சொன்னான். தலையைச் சாய்த்தான். பெரிய வெள்ளியில் கோயில் மணி அடிப்பதில்லை. கோயில் வாசலில் மரப்பலகையை மூன்று தடவை தட்டினார்கள்.

சாய்ந்த தலை நிமிர்ந்தது. கோலின் கத்தினான்.

மனுஷன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. செம்பனைக்குள்ளிருந்து பறவைகள் எழுந்து பறந்தன. பன்னிரண்டு நாள் கத்தலும் ஒரே மூச்சில் வந்தது. ஐந்நூறு பேரும் தடதடவென்று முழங்காலில் விழுந்தார்கள். ஆண்டவரின் மரணக் கதறலை இப்படி யாரும் நடித்ததில்லை என்று பின்வரிசையில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மாமா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டே தேம்பினார்.

கத்தலுக்குப் பிறகு வார்த்தை வந்தது. அது அடியில் நின்ற இரண்டு பெண்களுக்கு மட்டும் கேட்டது.

"அக்கா, சுடுதுக்கா! எடுத்துடுக்கா, சுடுது!"

ஷார்மேன் சிலுவையில் சாய்த்திருந்த ஏணியில் ஏறினாள். யாரோ அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து, "கூத்தக் கெடுக்காதம்மா" என்றார்கள். உதறிவிட்டு ஏறினாள். "எடுக்கிறேன்டா, இதோ எடுக்கிறேன்" என்று பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். இந்தத் தடவை அவள் கேட்கவில்லை. கட்டோடு அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அத்தனை துணிக்கு மேலேயும் நெருப்பாகச் சுட்டது. கட்டின் ஓரத்தில் சீழ் வாடை அடித்தது. அங்கியின் கையை மேலே தள்ளினாள். முழங்கைவரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. எத்தனை மணி நேரமாக ஏறுகிறதோ, அவன் சொன்னால்தானே?

"துளசி! கார எடு!"

துளசி சாவியோடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். ஷார்மேன் தம்பியைத் தோளில் சாய்த்து இறக்கினாள். அவன் இப்போது நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தான், சுடுது, சுடுது என்று, சின்னப் பிள்ளை மாதிரி. "வழிவிடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும், வழிவிடுங்க!" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். கோயில் வாசலில் இறுதிப்பாட்டு தொடங்கிவிட்டது. முற்றம் முழுக்கச் சனம் கண்ணை மூடி, முழங்காலில் நின்று, கையை நீட்டிப் பாடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிகிறவரை யாரும் வழிவிடவில்லை.